மூணாங்காட்சிக்கு முன்னாடியே வந்த மழை

கோணம்பட்டிக்காரங்களுக்குப் புத்தியும் மானாவாரிதான். பெஞ்சா வெளையும். ரொம்ப நாளா பெய்யல.

ஊர் ஏரியும் அப்படியே. உள்ள ஆடு மேயுது. ஆடு கரை ஏறி எறங்கிக் கஷ்டப்படக் கூடாதுன்னு மதகைத் தொறந்தே போட்டிருந்தாங்க. இந்த ஐப்பசியிலயும் ஏரி நெறையலேன்னா மூட்டை முடிச்சக் கட்டிக்கிட்டு ஊரையே காலி பண்ணணும்.

அந்த நேரம் பாத்து டவுன்லேருந்து ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. ஊர் ஊரா நாடகம் போட வெக்கிற தொண்டு நிறுவனத்துல வேலை.

"பயமுறுத்திப் பயமுறுத்தியே ஜனங்க சோந்து போயிட்டாங்க. பருவநிலை மாறுறத நாடகமா காட்டுவோம், ஆனா நம்பிக்கையோட முடிப்போம். மொதல்ல பஞ்சம். அப்புறம் ஊரே சேந்து மரம் நடுது. மூணாவது மழை. வரிசை மாறக்கூடாது. வேஷம் கட்டினவங்க நடுவுல வேஷத்த விட்டு வெளிய வரவே கூடாது."

"உசுரே போனாலும் வரமாட்டோம் தாயி"ன்னாரு ஊர்த்தலைவர் ஆண்டியப்பன்.

மதகு சாவி வெச்சிருக்குற குப்பாண்டிக்குப் பஞ்சம் வேஷம். ஏரிக்கரையில மேடை. சாம்பலப் பூசிக்கிட்டு, "ஒரு சொட்டு விடமாட்டேன்!"னு கர்ஜிச்சான். வாய மூடல, சடசடன்னு நெஜ மழை!

"யாருய்யா இப்ப மழைய விட்டது?"ன்னு ஆண்டியப்பன் குதிச்சாரு.

"தானா வந்துருச்சு மாமா"ன்னான் கூட்டத்துல ஒருத்தன்.

"ஒத்திகைக்கு வராதவனெல்லாம் மேடை ஏறினா இப்பிடித்தான்! யோவ், யாரு அங்க கொடைய விரிக்கிறது? மடக்குய்யா, பஞ்சம் நடந்துக்கிட்டிருக்கு!"

மொத்த ஜனமும் கொடைய மடக்கிட்டு, கொட்டுற மழையில விசிறி எடுத்து வீசிக்கிச்சு.

ஜெசிந்தா மேடைக்கு ஓடிச்சு. "அண்ணே, ஓடிப்போய் மதகை மூடுங்க! வந்த தண்ணி பூரா வெளிய போகுது!"

"தங்கச்சி, நான் பஞ்சம். பஞ்சம் போய்த் தண்ணியத் தேக்குமா? பாக்குறவன் சிரிக்க மாட்டான்?"

"சாவியாவது குடுங்கண்ணே!"

"சாவி குப்பாண்டிகிட்ட இருக்கு. அவன் நாடகம் முடிஞ்சாத்தான் வருவான்." சொல்லிட்டு, கரைஞ்ச சாம்பல மறுபடி பூசிக்கிட்டான்.

மரம் நட்டு முடிக்கவும் மழை விடவும் சரியா இருந்துச்சு. மூணாங்காட்சி. பந்தல் மேலேருந்து பூவாளியில தண்ணி ஊத்தினாங்க. ஊரே விசிலடிச்சுக் கொடை விரிச்சுது. குப்பாண்டி வேஷத்தக் கலைச்சிட்டு ஓடிப்போய், காலி ஏரிக்கு மதகை இறுக்கிப் பூட்டினான்.

ஜெசிந்தா தலையில கை வெச்சு ஒக்காந்துருச்சு. "ஏரி காலிங்கய்யா!"

"நம்பிக்கை நெறைஞ்சிருக்கே தாயி! நாடகம் போட்டா மழை வருதுன்னு கண்ணால பாத்துட்டோம். தெனமும் போடுவோம். மழைக்குத்தான் நடிப்பு பத்தல, பழக்கணும்."

மறுநாளும் நாடகம். மழைக்கு நேரம் சொல்ல, மொக்கராசுன்னு ஒருத்தனப் பனைமரத்துல ஏத்தி விட்டாங்க. மொத காட்சி நடக்கும்போதே யானை கணக்கா கருமேகம் வந்து நின்னுச்சு.

"யோவ்! இன்னும் மரமே நடல! உன் காட்சி அப்புறம், தள்ளிப் போய் நில்லு!"ன்னு மொக்கராசு மேலேருந்து கத்தினான்.

காத்து திரும்பிச்சு. மேகம் நேரா பக்கத்து ஊருக்குப் போய்க் கொட்டோ கொட்டுன்னு கொட்டிருச்சு.

கோணம்பட்டியே எந்திரிச்சு கை தட்டுச்சு. ஆண்டியப்பனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"பாத்தியா தாயி? ஒரே நாள்ல சொன்னபடி கேக்கக் கத்துக்கிச்சு!"