ஜெனோவா அழுத காட்சி

கதையை இழுக்க மாட்டேன். நீங்களும் நடுவில் தூங்காதீர்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன்; பதில் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

குறும்படப் போட்டிக்கு அன்று ராத்திரிக்குள் படம் போயாக வேண்டும். பாக்கி ஒரே காட்சி. தூத்துக்குடி உப்பளத்தில், வெயில் மறைவதற்குள், கதாநாயகி அழ வேண்டும். ஜெனோவாதான் கதாநாயகி. வீட்டில் அவள் அப்பா மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார்.

"வீட்டுல இருந்து போன் வந்தா உடனே சொல்லணும்."

"சத்தியமா சொல்லுதேன்" என்று இயக்குநர் செல்வின் அவள் போனைத் தன் பையில் போட்டுக்கொண்டான். ஷூட்டிங்கில் எல்லார் போனும் அவனிடம்தான் இருக்கும்.

செல்வின் தூரத்தில் வெளிச்சத்துக்கு தெர்மாகோல் பிடித்து நின்றான். ஜெனோவா அழுதாள். கட் சொன்னதும் கேமராக்காரன் இசக்கி பட்டனைத் தட்டினான். கேமராவைக் கையில் தொங்கவிட்டபடி நடந்து வந்து திரையைப் பார்த்தான். முகம் மாறியது.

"கண்ணீரே வரலையே."

"ஏய்! துப்பட்டாவத் தொட்டுப் பாரு, எப்படி நனைஞ்சிருக்கு!"

"துப்பட்டாவுக்கா பரிசு குடுக்கப் போறாங்க? கேமராவுல தெரியலையே பிள்ள."

செல்வின் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு வெங்காயம் வாங்கப் போனான். வழியில் அவள் போனில் தம்பியின் மெசேஜ்: "அக்கா, அப்பா உன்னயத்தான் கேக்காவ. சீக்கிரம் வா."

செல்வின் போனைத் திரும்பப் பைக்குள் போட்டான். வெங்காயம் வாங்கவில்லை. திரும்பி வந்து, கேமரா ஓட ஆரம்பித்ததும் சொன்னான்: "ஜெனோவா, உங்கப்பா செத்துட்டாராம்."

உப்பில் விழுந்து புரண்டாள். இசக்கி நிறுத்தவில்லை, கிட்டே போய் எடுத்தான். ஷாட் முடிந்ததும் செல்வின், "பொய்தான். உயிரோடதான் இருக்காவ, ஓடு" என்றான்.

அவள் வீட்டுக்குப் போனபோது அப்பாவுக்கு வாய்க்கட்டு கட்டியிருந்தார்கள். "இப்பதான்க்கா. வாசலையே பாத்துட்டு கெடந்தாவ" என்றான் தம்பி.

எடிட்டர் மிக்கேலிடம் போனில் கெஞ்சினாள்: "அதப் போடாத, உன் கால்ல விழுதேன்." ஆனால் அவனுக்கு வந்த கிளிப்புகளில் அழுகை அது ஒன்றுதான் இருந்தது. இன்னொரு கிளிப்பில் இசக்கியின் செருப்பும் உப்புத் தரையும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. மிக்கேல் அவள் அழுகையைப் போட்டான். முதல் பரிசு.

பொய் சொன்ன செல்வின், நிறுத்தாத இசக்கி, கெஞ்சியும் கேட்காத மிக்கேல். மூவரும் கேவலம்தான். ஆனால் அவள் அப்பாவை உயிரோடு பார்க்க முடியாமல் போனது யாரிடமிருந்து ஆரம்பித்தது?

பதில்: இசக்கி. செருப்புக் கிளிப்பை மறந்துவிட்டீர்களா? முதல் ஷாட்டில் கேமரா ஓடவே இல்லை. கட் சொன்ன பிறகு தட்டினானே, அப்போதுதான் ஓட ஆரம்பித்து அவன் செருப்பை எடுத்தது. "நான் கோட்டை விட்டுட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே இன்னொரு தடவை அழுதிருப்பாள். ஷூட்டிங் முடிந்து, மெசேஜ் வரும்போது போன் அவள் கையில் இருந்திருக்கும். தன் தப்பை மறைக்க, நிஜமாக அழுதவளை அழவில்லை என்றான். செல்வினின் பொய்க்கு வழி விட்டது அந்தப் பொய்தான்.

சிறந்த ஒளிப்பதிவுக்கான கோப்பையும் இசக்கிக்குத்தான்.