கொஞ்சம் நகருங்கம்மா, படம் மறைக்குது

"அம்மா, நீங்க ஏன் படம் எடுக்கவே விட மாட்டேங்கிறீங்க?"

சிகாமணி இதைக் கேட்காத வெள்ளிக்கிழமை கிடையாது.

"இன்னிக்குத் தலை சீவலண்ணே," என்றார் பூங்காவனத்தம்மா.

போன வாரம் பல் வலி என்றார். அதற்கு முந்தின வாரம், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

சிகாமணி ஒவ்வொரு பதிலையும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிப்பார். தலை சீவுவது என்றால் ஆணவத்தைச் சீவுவது. பல் வலி என்றால் பிறவி வலி. பாலுக்கு மட்டும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பால்னா பால்தான்," என்றாள் அவர் மனைவி. "பொங்கியிருக்கும்."

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். பூங்காவனத்தம்மா அங்கே வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வார். வயதில் சிகாமணியைவிடச் சின்னவர். அதனால் குருவுக்குச் சீடர் 'அண்ணே'. சீடருக்குக் குரு 'அம்மா'. இதில் இரண்டு பேருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

சிகாமணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். ஊரில் யாராவது தவறிப்போனால், ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கிற தலையை வெட்டி எடுத்து, பெரிசாக்கி, கோட்டு மாட்டி, லேசாகச் சிரிக்கவும் வைத்துக் கொடுப்பார். ஊரையே சுவரில் மாட்டிய மனுஷருக்குத் தன் குரு மட்டும் சிக்கவில்லை.

மடத்தில் படம் எடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் அங்கே சட்டம்.

ஒரு தரம் வேலூரிலிருந்து வந்த ஒருவர், கஞ்சி வாங்குகிற கையோடு செல்போனைத் தூக்கி அம்மாவோடு சேர்த்துத் தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

யாரையும் 'இனிமேல் வராதே' என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து, அந்த மனுஷருடைய செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

குருவின் கையால் தன் செருப்பைத் தொட வைத்தவர் அப்புறம் எந்த முகத்தோடு வருவார்? வரவில்லை.

சிகாமணி அதைக் கண்ணால் பார்த்தவர்.

பார்த்தும் செய்தார்.

பங்குனி வெயில். மடத்துக் கொல்லையில் புங்க மரத்து நிழலின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மிளகாய் காய்ந்து கிடந்தது. வேலிக்குப் பின்னால் சிகாமணி, கையில் கேமராவோடு.

அம்மாவின் கை சட்டென்று நின்றது. முகம் மேலே உயர்ந்தது. புருவம் ஏறியது. கண் பாதி மூடியது. உதடு லேசாகத் திறந்தது.

சிகாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அமுக்கினார். கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினார்.

மருமகன் அந்தப் படத்தைச் சென்னையில் ஒரு கேலரிக்கு அனுப்பி வைத்தார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, படம் எடுத்தவர்கள் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று போன் வந்தது.

உத்தரவு வாங்காமல் ஊர் தாண்டிப் பழக்கமில்லை. மடத்துக்குப் போனார்.

"சென்னை வரைக்கும் போய்ட்டு வரேம்மா. என் படம் ஒண்ணு மாட்டியிருக்காங்களாம்."

"அப்படியா! என்ன படம்ணே?"

சிகாமணி கொல்லைப் பக்கம் பார்த்தார்.

"மரம்மா."

"என்ன மரம்?"

"புங்க மரம்."

முழுப் பொய்யில்லை. ஓரத்தில் கொஞ்சம் மரமும் விழுந்திருந்தது.

"நானும் வரேன்," என்றார் அம்மா.

"அம்மா?"

"மரத்தைச் சுவத்துல மாட்டி நான் பார்த்ததில்ல. புளிச்சோறு கிளறிடறேன். முதல் பஸ்ஸுக்கே போயிடலாம்."

பஸ்ஸில் சிகாமணி வழி நெடுக முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். டயர் பஞ்சராகட்டும் என்றும் வேண்டிக்கொண்டார். முருகன் ஒரு குறையும் இல்லாமல் சென்னையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கேலரி வாசலில் கண்ணாடிக் கதவு. அம்மா செருப்பைக் கழற்றினார். சிகாமணியும் பக்கத்தில் கழற்றினார்.

"செருப்போட போகலாம்மா," என்றார் வாட்ச்மேன்.

"சுவத்துல படமா மாட்டியிருக்காங்களேப்பா."

"அதனால என்னம்மா?"

"எல்லாம் போய்ச் சேர்ந்தவங்களா இருப்பாங்க."

வாட்ச்மேன் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தார். அதுவரைக்கும் அவருக்கு அப்படித் தோன்றியதில்லை.

உள்ளே ஒரே வெள்ளைச் சுவர். ஏசிக் காற்று. முதல் படம் ஒரு வெங்காயம், கதவளவு பெரிசு.

அம்மா கும்பிட்டார்.

"நல்லா இருந்திருக்கும்," என்றார்.

அடுத்தது, கடற்கரையில் கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"இதுவும் போயிடுச்சா, பாவம்."

அதையும் கும்பிட்டார். பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "குளிருதுண்ணே. மூக்கெல்லாம் அரிக்குது."

சிகாமணியின் கண் அறை முழுக்க ஓடியது. தன் படம் இங்கே இல்லை. அப்படியென்றால் அடுத்த அறையில் இருக்கிறது. இந்த அறையிலேயே ஒரு மரத்தைக் காட்டி, இப்படியே திருப்பிக் கூட்டிப்போய்விட்டால் பிழைத்தோம்.

மரம் ஒன்று இருந்தது.

"இதாம்மா நம்ம படம்!"

அம்மா ஆசையாகக் கிட்டே வந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் ஒற்றை மரம். மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை.

"புங்க மரமாண்ணே?"

"ஆமாம்மா."

"தரையெல்லாம் வெள்ளையா இருக்கே."

"மார்கழிப் பனிம்மா."

"ஆரணியிலயா?"

"விடியக்காலம்."

அம்மா குனிந்து, படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஹெலன் டிசோசான்னு போட்டிருக்கேண்ணே."

"அது மரத்தோட பேரும்மா."

அம்மா நிமிர்ந்து மரத்தை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல பேரு," என்றார்.

சிகாமணிக்கு மூச்சு வந்தது. "அப்ப கிளம்பலாமாம்மா?"

"அந்த ரூம்ல என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. பாத்ரூம்."

"நல்லதாப் போச்சு. பஸ் ஏறினதுல இருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்."

சிகாமணி கையை நீட்டுவதற்குள் அம்மா உள்ளே போய்விட்டார்.

அந்த அறையில் ஒரே படம்தான். சுவரை அடைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் அம்மா. உயர்ந்த முகம். பாதி மூடிய கண். லேசாகத் திறந்த உதடு. முன்னால் பத்துப் பதினைந்து பேர் கோயிலில் திரை விலகக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள்.

சிகாமணி ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். தூண் ஒல்லி. அவர் ஒல்லியில்லை.

குட்டை முடி வைத்த ஓர் அம்மணி எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் கேலரிக்காரர்.

"இந்த முகத்தைப் பாருங்க. உடம்பு இங்க இருக்கு, ஆள் இங்க இல்ல. பேச்சு நின்னு போச்சு. மூச்சு நின்னு போச்சு. இதுக்கு அடுத்த கணம் என்னன்னு நம்மளால சொல்லவே முடியாது. சுத்தி உதிர்ந்து கிடக்கிற அந்தக் கறுப்புப் பூவெல்லாம்..."

"மிளகா," என்றார் அம்மா.

"உஷ்!" என்றது கூட்டம்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். படத்தை அண்ணாந்து பார்த்தார். குனிந்து சீட்டைப் படித்தார்.

"பேரானந்தம். தெய்வசிகாமணி, ஆரணி."

தூணைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன மரம்?"

தூணுக்கு வெளியே தெரிந்த தோள் உள்ளே ஒடுங்கியது.

பின்னாலிருந்து பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண் அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் நகருங்கம்மா, படம் மறைக்குது."

"ஐயோ, பார்க்கலம்மா," என்று அம்மா சட்டென்று நகர்ந்து வழிவிட்டார்.

அந்தப் பெண் கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடு எதையோ முணுமுணுத்தது. கண்ணைத் திறந்ததும், பக்கத்தில் நின்ற அம்மாவிடமே கேட்டாள்.

"இந்த அம்மா எப்ப சமாதி ஆனாங்க, தெரியுமா?"

"எனக்குத் தெரியலியேம்மா," என்றார் அம்மா. "தூணுக்குப் பின்னால ஒரு அண்ணன் இருக்காரு. அவரைக் கேளு. அவருக்குத்தான் தெரியும்."

எல்லாரும் திரும்பினார்கள். கேலரிக்கார அம்மணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீங்களா! இவர்தான் படம் எடுத்தவர்!"

கைதட்டினார்கள். சிகாமணியை இழுத்து முன்னால் நிறுத்தினார்கள். இந்த நாளுக்காகத்தான் அவர் புதுச் சட்டை தைத்திருந்தார். இப்போது அந்தச் சட்டைக்குள் முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது.

"அந்த மகானைப் பத்தி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மா கூட்டத்தோடு கூட்டமாக, கைகட்டி, கேட்கத் தயாராக நின்றார்.

"அவங்க..." சிகாமணி அம்மாவைப் பார்த்தார். "அவங்க இருக்காங்க."

"ஆமா," என்றார் கேலரிக்கார அம்மணி, மெதுவாகத் தலையசைத்து. "இருக்காங்க. நம்ம எல்லாருக்குள்ளயும் இருக்காங்க."

"அதில்லம்மா. நெஜமாவே இருக்காங்க."

"நெஜம்னா அதுதான் நெஜம்."

"இல்லம்மா, இதோ இங்க!" என்று சிகாமணி கையை நீட்டினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வெறும் தரைதான் இருந்தது. அம்மா போய்விட்டிருந்தார்.

பட்டுப் புடவைப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்கயும் இருக்காங்க," என்று அந்த வெறும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சிகாமணி ஓடினார். மரத்தைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, வெங்காயத்தைத் தாண்டி ஓடினார். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சட்டென்று நின்றார்.

அம்மா வாசலில் குனிந்திருந்தார். கையில் சிகாமணியின் செருப்பு.

அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சிகாமணி வெளியே வந்தார். கும்பிடக் கை எழுந்தது. வார்த்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது.

"அம்மா, தப்புதான். அந்தப் படத்தை இப்பவே இறக்கச் சொல்லிடறேன். கேமராவைக்கூடத் தூக்கிப் போட்டுடறேன். என்னை வராதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வெள்ளிக்கிழமையானா எனக்குப் போக வேற இடம் இல்லம்மா."

அம்மா நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பொறு என்பதுபோல ஒரு கையைத் தூக்கினார்.

முகம் மேலே உயர்ந்தது.

புருவம் ஏறியது. கண் பாதி மூடியது. உதடு லேசாகத் திறந்தது.

அதே முகம்!

சிகாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உள்ளே அத்தனை பேர் எதற்கு முன்னால் நிற்கிறார்களோ அது, இதோ, கை எட்டுகிற தூரத்தில் மறுபடியும். அன்றைக்கு அவர் ஓடிவிட்டார். இன்றைக்கு ஓடவில்லை. வரப்போகிற வார்த்தை எதுவானாலும் தலைமேல் ஏற்றுக்கொள்வது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அ... அ..." என்றார் அம்மா.

சிகாமணி தலையைக் குனிந்தார்.

"அச்ச்ச்சூ!"

மதில்மேல் இருந்த புறாக்கள் படபடவென்று எழும்பின. வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நூறாயுசு!"

வீட்டில் யார் தும்மினாலும் வாய் தானாகச் சொல்லுமே, அப்படிச் சொல்லிவிட்டார் சிகாமணி. சொன்ன பிறகு வாயை மூட மறந்து நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளறை வாசல் வழியே, படத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்கிற முதுகுகள் தெரிந்தன.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தன் செருப்பையும் எடுத்து, அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே தெருவைப் பார்க்கப் போட்டு, காலை நுழைத்தார்.

"யாருக்குண்ணே சொன்னீங்க?" என்று கேட்டார். "எனக்கா, உள்ள தொங்குற அம்மாவுக்கா?"