துடைத்து வைத்த படகுத்துறை

பூக்கும், ஆனால் யாரும் தலையில் வைக்க மாட்டார்கள். பச்சைப்பசேல் என்று விரியும், ஆனால் அதில் கால் வைத்தால் ஆள் முழுகிப் போவார். வேர் உண்டு, ஆனால் ஊன்றி நிற்க மண் வேண்டாம். அது என்ன?

உங்களுக்கு யோசனை தேவைப்படலாம். நாணல்திட்டுப் பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. ஆகாயத்தாமரை என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

நாணல்திட்டு ஏரி நடுவில் இருக்கும் மேடு. நாற்பது வீடுகள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கரையில். போக்குவரத்துக்கு இருப்பது காத்தமுத்துவின் தோணி ஒன்றுதான். தாமரை மண்டிவிட்டால் பத்து நிமிடப் பயணம் ஒரு மணி நேரமாகும். போன மாதம் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றி வந்தபோது, தோணி தாமரையில் சிக்கி நின்றுவிட்டது. பிள்ளை நடு ஏரியில் பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. அடுத்த முறையும் அப்படி நடக்கும் என்று யாரும் நம்பவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி மத்திய அரசுக்கு எழுதினார். தாமரையை அள்ளி ஏரியைச் சுத்தம் செய்ய வேண்டும், திட்டுக்கு ஒரு பாலம் வேண்டும், இரண்டுக்கும் நிதி தேவை. எட்டு முறை எழுதிய பிறகு பதில் வந்தது. டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். ஒரே ஒரு நாள். அவர் பார்ப்பதை வைத்துத்தான் முடிவு.

மாசிலாமணி ஊரையே திரட்டினார். மூன்று நாள் கரையிலுள்ள படகுத்துறையில் இறங்கித் தாமரையை அள்ளினார்கள். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. படிக்கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஏரியின் மறுகோடியில் இருக்கும் அணைப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் படகை இரவல் வாங்கி, பந்தல் கட்டி நிறுத்தினார்கள்.

அதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம் மாசிலாமணி பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஸ்டெல்லா டீச்சரிடம் சொல்லாமல் அவர் எதையும் முடித்ததில்லை. டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனால் மாசிலாமணி கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே, ஐம்பதாவது வயதில், அவருடைய முதியோர் வகுப்பில்தான்.

"துறையைப் பாத்தீங்களா டீச்சர்? கண்ணாடி மாதிரி வச்சிருக்கோம்."

"பாத்தேன்."

"அதிகாரி அசந்து போயிருவாங்க. இன்னும் ஏதாச்சும் செய்யணுமா? நீங்கதான் சொல்லணும்."

டீச்சர், தோணிக்காகக் காத்திருந்த நாலாம் வகுப்புக் குயிலியைக் கூப்பிட்டார்.

"கழித்தல் கணக்கு போட்டியா? சிலேட்டைக் காட்டு."

குயிலி காட்டினாள். சிலேட்டில் ஒன்றும் இல்லை.

"எங்கடி கணக்கு?"

"தப்பா வந்துச்சு டீச்சர். துடைச்சுட்டேன்."

"எந்த இடத்துல தப்பு?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலையே. துடைச்சதை நான் எப்படித் திருத்துவேன்?"

குயிலி காலி சிலேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாசிலாமணியும் அதையேதான் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மோசம் போனேனே. அள்ளினதை எல்லாம் திரும்பக் கொண்டாந்து கொட்டிரட்டுமா?"

"அது வேணும்னே தப்பாப் போட்ட கணக்கு. அதுக்கு நான் மார்க் போடறதில்லை."

"அப்ப என்னதான் செய்ய?"

"காத்தமுத்து வந்தாச்சு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க, தலைவரே."

அவர் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. அதிகாரி வருவார், கண்ணாடித் தண்ணீரைப் பார்ப்பார், பந்தல் போட்ட படகில் சுற்றுவார், இந்த ஊருக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். தன் கையாலேயே துடைத்தாகிவிட்டது.

விடியும் நேரத்தில் காத்தமுத்து கதவைத் தட்டினார்.

"போச்சு தலைவரே. காத்து திரும்பிருச்சு. நடு ஏரித் தாமரை மொத்தமும் கரையோரம் ஒதுங்கிருச்சு. மூணு நாள் பாடு வீண்."

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டு விளிம்புக்கு ஓடினார். எதிர்க்கரைத் துறையில் தண்ணீரே தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த படிவரைக்கும் பச்சை. பச்சைமேல் ஊதாப் பூ. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு பெரிய மூச்சு விட்டுச் சிரித்தார்.

"என்ன தலைவரே, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார் காத்தமுத்து.

"ஆமாய்யா. தோணியை எடு. பிள்ளைங்களுக்கு நேரமாச்சு."

அன்று தோணி கரைக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மாசிலாமணிக்குப் பின்னால் குயிலி பாவாடை நனைந்து இறங்கியபோது, அதிகாரி ஏற்கெனவே ஸ்டெல்லா டீச்சரோடு துறையில் நின்றிருந்தார். நடுவயதுப் பெண்மணி. தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

மோட்டார் படகு ஓட்டுபவர் முந்திக்கொண்டார். "மேடம், தாமரையில சிக்கி ரிப்பேர் ஆகாம இருக்க என் படகை ராத்திரியே அணைப்பக்கம் கொண்டு போயிட்டேன். ஜீப்புல அங்க போயிருவோம். அந்தப் பக்கம் தண்ணி சுத்தமா இருக்கு. பந்தல்ல உக்காந்தபடியே திட்டைச் சுத்திப் பாத்துரலாம்."

அதிகாரி தாமரையைப் பார்த்தார். சேறு படிந்த தோணியையும் பார்த்தார். பிறகு மாசிலாமணியிடம் கேட்டார்.

"எதில் போகலாம்?"

தோணியில் என்று சொல்ல அவருக்கு நாக்கு துடித்தது. ஆனால் விருந்தாளியைச் சேற்றுத் தோணியில் ஏறுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் டீச்சரைப் பார்த்தார்.

"தினமும் போற ஆளைக் கேளுங்க," என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

அந்த வருடமே நிதி வந்தது. தாமரை அள்ளும் இயந்திரம் வந்தது, அடுத்த வருடம் பாலமும் வந்தது. அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்குத் துறையில் நடந்தது இவ்வளவுதான். அதிகாரி குனிந்து, குயிலியிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

குயிலி தோணியைக் காட்டினாள்.