கேள்வி முடியும் முன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர், "ஏழு யானைகளுக்கு எத்தனை..." என்று ஆரம்பித்தார். "இருபத்தெட்டு கால்!" என்று துள்ளி எழுந்தது ஒரு பிள்ளை. அவர் கேட்க வந்ததோ தந்தங்களை. அந்தப் பிள்ளை செங்கமலம், விகடகவி குழைக்காதனின் ஏழு வயது மகள்.

விகடகவியைக் கண்டாலே வயிறு எரியும் மந்திரி திருமேனிக்கு இது போதாதா? "இந்த வாயை வளரவிட்டால் நாடு தாங்காது, பிரபு" என்று தூபம் போட்டார்.

ராஜா உத்தரவிட்டார்: "கேள்வி முடியுமுன் என் எதிரில் வாய் திறப்பவர் எவராயினும் இனி அரண்மனைக்குள் கால் வைக்கக் கூடாது. நாளை அவையில் மந்திரி கேட்பார். தவறினால் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை மறந்துவிட வேண்டியதுதான்."

குழைக்காதனுக்குச் சோறு இறங்கவில்லை. மகளை உட்கார வைத்துப் பழக்கினான்.

"கேள்வி முடியட்டும்மா, அப்புறம் சொல்லு."

"சரிப்பா" என்பாள். அடுத்த கேள்வியின் பாதியிலேயே பதில் வந்து விழும்.

"நான் வேணும்னு சொல்லலப்பா. அதுவா வந்துடுது" என்று அழுதாள். பாவம், அவளைத் திட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவையில் மந்திரி தொண்டையைச் செருமியதுமே குழைக்காதன் முன்னால் வந்து நின்றான்.

"பிரபு, குழந்தை பயந்திருக்கிறாள். கேட்கும் முறையை முதலில் மந்திரியாரிடமே ஒரு தடவை காட்டிவிடுகிறேன்."

"காட்டு."

குழைக்காதன் நிதானமாகத் தொடங்கினான். "மந்திரியாரே, நேற்று மன்னர் கண்ணயர்ந்திருந்தபோது, அவருடைய குறட்டையை அப்படியே நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவர்..."

"ஐயோ, நான் இல்லை!" என்று அலறினார் மந்திரி.

"யாரடா அவன்?" என்று சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார் ராஜா.

"நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை, பிரபு" என்றான் குழைக்காதன். தலை போனாலும் போகலாம்.

ராஜா மந்திரியைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "அப்படியானால் நாங்கள் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதானா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "குழைக்காதா, இது போக உனக்கு வேறு என்ன..."

"எம் பொண்ணு பள்ளிக்கூடம் போகணும், பிரபு!" என்று கத்திவிட்டான் விகடகவி.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவை கொல்லென்று சிரித்தது. ராஜா திரும்பிப் பார்த்தார். செங்கமலம் இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து நின்றிருந்தாள். அவர் இறங்கி வந்து மாலையை அவள் கழுத்தில் போட்டார்.

"இவள் பள்ளிக்கூடம் போகட்டும். எங்கள் மூவருக்கும் கடைசி வரிசையில் இடம் போடச் சொல்லுங்கள்!"