செண்பகவல்லி பால் காய்ச்சிய இடம்

கிட்ட வந்து உட்காருங்க, வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். இட்லிக்கடை செண்பகவல்லி முதன்முதலாக ஒரு ஃப்ளாட் வாங்கினாள். முழுப் பணத்தையும் விழுங்கிய பில்டர் தனகோபால், "அடுத்த மாசம் சாவி" என்றே மூன்று வருஷம் ஓட்டினான், படுபாவி. குடியிருந்த வாடகை வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

போய்க் கேட்டாள். "பத்திரிகை அடிச்சு ஊரைக் கூப்பிடும்மா, வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சிடலாம்" என்று இளித்தான்.

வெள்ளிக்கிழமை அவன் ஆபீஸில் அட்வான்ஸ் கட்டப் புது ஆட்கள் கூட்டம். செண்பகவல்லி அறுபது சொந்தக்காரர்களோடு, பசுவும் கன்றுமாக உள்ளே நுழைந்தாள்.

"இங்க எதுக்குடி வந்தே?"

"நீங்க சொன்னபடி பத்திரிகை அடிச்சேன் சார். என் வீட்டுக்குத்தான் இன்னும் கதவே வைக்கலையே, எந்தக் கதவு நம்பரைப் போடுவேன்? உங்க ஆபீஸ் விலாசத்தைப் போட்டுட்டேன்."

அட்வான்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவளோ மேசையில் விரித்திருந்த புது ஃப்ளாட் படத்தைச் சுருட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் அடுப்பை வைத்துப் பற்றவைத்தாள்.