நாச்சிமுத்துவின் பெயருக்கு மேலே ஒரு வரி

ரத்தம் கொடுப்பவரையும் தேடுபவரையும் சேர்த்துவைக்கும் இலவச மென்பொருள் ஒன்று கோயம்புத்தூரில் பிறந்தது. தொடங்கியவர் நாச்சிமுத்து. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் முதல் திரையில் இருக்கும் அவர் பெயரை மட்டும் யாரும் அழிக்கக் கூடாது. அந்த விதியையும் அவரேதான் எழுதி வைத்தார்.

தேர்தல் வந்தது. "முதல் திரையில நம்ம கட்சி கோஷம் வரோணும். பிடிக்காதவன் போகட்டும்" என்றார் நாச்சிமுத்து.

கூட உழைத்த பதினோரு பேருக்கும் ஒரே கவலை. கோஷத்தைப் பார்த்துப் பாதிப் பேர் ஓடிவிட்டால், ஆபரேஷனுக்குக் காத்துக்கிடப்பவனுக்கு யார் ரத்தம் கொடுப்பது?

திரையில் எழுத்துப் பிழை பார்க்கும் மரகதவல்லி மட்டும் எழுந்தாள். "போட்டுடலாங்க சார். ரெண்டு மாதிரி செஞ்சு காட்டுறேன்."

மதியமே காட்டினாள். முதல் மாதிரியில் அவர் கட்சிக் கோஷம், கீழே அவர் பெயர். நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டாவதில் எதிர்க்கட்சிக் கோஷம் பளபளத்தது. கீழே அதே பெரிய எழுத்தில், "ஆக்கம்: நாச்சிமுத்து."

"என்ன அம்மிணி இது! என் பேரை எடு முதல்ல!"

"எடுக்கக் கூடாதுங்க சார், உங்க விதி. இன்னைக்கு நாம போட்டா, நாளைக்கு அவங்களும் இதை எடுத்து மாத்திப் போட்டு, உங்க பேரோடவே ஊரெல்லாம் கொடுப்பாங்க."

நாச்சிமுத்து இரண்டு மாதிரிகளையும் தள்ளி வைத்தார். "சரி, அப்ப என் பேருக்கு மேல என்னதான் போடறது?"

"இப்ப இருக்கறதே இருக்கட்டுங்க சார்."

பதினோரு பேரும் அப்போதுதான் மூச்சு விட்டார்கள். முதல் திரை இன்றும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது: "உங்கள் ரத்த வகை என்ன?"