நெல் தீர்ந்த பிறகு

பள்ளத்தெருக்காரர்களுக்குத்தான் அநியாயம் நடந்தது. ஏரிக்கரையை உயர்த்தப் போகிறோம் என்று அவர்கள் வாங்கும் உப்புக்கும் வரி போட்டார்கள். கரை கோட்டைப் பக்கம் மட்டும் உயர்ந்தது. அடுத்த மழையில் ஏரி தாழ்ந்த பக்கமாகப் பள்ளத்தெருவுக்குள் இறங்கியது. அந்தத் தெருக் காத்தாயியின் மூத்த மகள் அந்த வெள்ளத்தில் போனாள்.

அந்த நாட்டில் ஆண்டுத் திட்டத்தை வாசிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. சபை நடுவில் நெல்லைக் குவிப்பார்கள். அமைச்சர் ஒவ்வொரு செலவாக வாசிக்க வாசிக்க, அதற்குரிய நெல்லை அள்ளி ஒதுக்குவார்கள். முதலில் அரண்மனை. பிறகு படை, கோயில், கோட்டை. குவியல் தீர்ந்ததும் சபை கலையும். ஏழைகளுக்கான செலவும் திட்டத்தில் உண்டு, இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. கடைசியில் இருந்தது. அதை ஒருவரும் காதால் கேட்டதில்லை.

கருவூல அமைச்சர் பூதனார், தலை நரைத்த பிறகு உமையாளுக்குச் சீடரானவர். குருவுக்கு அவர் மகள் வயதுதான். மறுநாள் சபை என்ற நிலையில் அவளைப் பார்க்க வந்தார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"பள்ளத்தெருக் கரைக்கு நான் வருஷா வருஷம் எழுதத்தான் செய்கிறேன், அம்மா."

"வாசித்தீர்களா?"

"அதற்குள் நெல் தீர்ந்துவிடுகிறதே."

"கீழேயிருந்து வாசியுங்கள்."

"எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் வாசிக்க வாய் திறந்தார். சபைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அவர் மனைவி இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?"

உமையாள் எழுந்து பள்ளத்தெருப் பக்கம் நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

பள்ளத்தெருவில் விளக்கு வைக்கும் நேரம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. காத்தாயி கிழிந்த சேலைத் துண்டால் இளைய மகளின் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு சேர்த்து முடிந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா கட்டுறே?" என்று கேட்டார் பூதனார்.

"தண்ணி வந்தா தனியாத் தேட வேண்டாம்ல, சாமி."

"கரை தாங்கும்மா."

"எந்தக் கரை? உங்க பக்கத்துக் கரையா? அது நல்லாத் தாங்கும்."

சிறுமி கையை நீட்டிக்கொண்டே சொன்னாள். "இறுக்கி முடிம்மா. போன தடவ அக்காவுக்கு அவுந்துபோச்சுல்ல."

காத்தாயி அவிழ்த்துவிட்டு மறுபடியும் முடிந்தாள். ஏரிப் பக்கம் மண் சரிகிற சத்தம் கேட்டது. தெருவில் பேச்சு நின்றது.

திரும்பும் வழியில் பூதனார் பாதியில் நின்றுவிட்டார்.

"நாளையை நினைத்தாலே பயமாக இருக்கிறது, அம்மா. என் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பேன்?"

உமையாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த நாட்டுப் பயம் முழுவதையும் இத்தனை வருஷமாகப் பள்ளத்தெருவுக்கே ஒதுக்கியிருந்தீர்கள், அமைச்சரே. இன்றைக்குத்தான் உங்கள் பங்கு வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு போய் வாசியுங்கள்."